ஹோலில செமினாரா, ஒழுங்கையில ஆளா: எங்கட பள்ளிக்கூடக் காசை எதில போடுறது

எங்கட பள்ளிக்கூடத்துக்கு (பேர் வேண்டாம், கொழும்பில காலி வீதிப் பக்கம், பெண்பிள்ளையள் மட்டும் படிக்கிற ஒண்டு எண்டு வச்சுக்கொள்ளுங்கோ) பழைய மாணவியர் சங்கம் கொஞ்சக் காசு ஒதுக்கியிருக்கு, தரம் 9, 10 பிள்ளையளுக்கு "பாதுகாப்பு" சம்பந்தமா ஏதாவது செய்யச் சொல்லி. எதைச் செய்யிறது எண்டு பாத்துச் சொல்லுங்கோ எண்டு அபிவிருத்திச் சங்கத்தில என்ர தலையில கட்டிவிட்டினம், ஓடிட் வேலை செய்யிற ஆள் எண்டதால எல்லாக் கணக்கும் விளங்கும் எண்டு நினைச்சினம் போல. ரெண்டு மூண்டு மாசம் ராவில முழிச்சிருந்து வாசிச்சதில வந்த முடிவு நான் போகேக்க நினைச்ச முடிவே இல்ல, அதால அதை விரிவா எழுதிறன், வேற பள்ளிக்கூடத்தில இதே கேள்வியோட நிக்கிற ஆருக்காவது உதவும்.

இந்தக் கதை ஏன் வந்தது எண்டு முதல் சொல்லோணும். போன வருஷம் தரம் 10 பிள்ளை ஒண்டு. பெடியன் வேற பள்ளிக்கூடம், டியூஷனில பழக்கம். முதல் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறான், நம்பிக்கை எண்டா குடு எண்டு, அதுவும் குடுத்திருக்கு. பிறகு ஆரோட சட் பண்ணினாய், ஏன் ரிப்ளை பண்ண இவ்வளவு நேரம், லொகேஷன் போடு. பிறகு ஒருநாள் டியூஷன் முடிஞ்சு வாற ஒழுங்கையில வச்சு போனைப் பறிச்சு அடிச்சிருக்கிறான். கூட நிண்ட நாலு பேரும் பாத்துக்கொண்டு நிண்டிருக்குதுகள். பள்ளிக்கூடத்துக்குத் தெரியவர ரெண்டு கிழமை ஆச்சு, தெரிஞ்ச உடன செய்தது ஹோலில ஒரு செமினார். ரெண்டு மணித்தியாலம், பவர்பொயிண்ட், படிக்கிற வயசில படிப்பு மட்டும், நன்றியுரை, போட்டோ, ரோல்ஸும் நெஸ்கஃபேயும். என்ர மகள் வந்து சொன்னா, "அம்மா, அவன் அடிச்சதப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, நாங்க லவ் பண்ணுறதப் பற்றித்தான் கதைச்சவை" எண்டு. அந்தப் பிள்ளை மூண்டாவது வரிசையில இருந்து எல்லாரோடயும் சேந்து கை தட்டினதாம்.

ஓடிட்டில எங்களுக்கு அடிக்கடி வாற பிரச்சினை ஒண்டிருக்கு, பில் எல்லாம் ஒழுங்கா இருக்கும், ஸ்டோருக்குள்ள போய்ப் பாத்தா சாமான் இருக்காது. அந்த செமினாரிட வரவுப் பதிவேடு எனக்கு அப்பிடித்தான் இருந்தது. 212 கையெழுத்து.

சரி, வெளிநாட்டில இப்பிடி லவ் பண்ணுற ஆளே அடிக்கிறது, ஆட்டிப்படைக்கிறதைத் தடுக்கவெண்டே செய்து, குலுக்கல் முறையில பள்ளிக்கூடங்களப் பிரிச்சு, சிலதுக்குக் குடுத்து சிலதுக்குக் குடுக்காமல் விட்டு, வருஷக்கணக்கில அளந்து பாத்த புரோகிராமுகள் இருக்கு. அங்க இதுக்குப் பேர் டேட்டிங் வயலன்ஸ். எங்கட பிள்ளையள் ஒருத்தரும் டேட்டிங் எண்டு சொல்லாதுகள், "கதைக்கிறம்" எண்டுதான் சொல்லுதுகள், கொஞ்சம் மூத்ததுகள் "லவ்" எண்டு சொல்லும், அம்மாமார் "தொடர்பு" எண்டு சொல்லுவம். இது சின்ன விஷயமில்ல, "நீர் டேட்டிங் செய்கிறீரா" எண்டு ஒரு சேர்வேயை அப்பிடியே மொழிபெயர்த்துக் குடுத்தா முழுப் பேரும் இல்ல எண்டு போட்டிட்டுப் போயிடும், பிறகு எங்கட பள்ளிக்கூடத்தில பிரச்சினையே இல்ல எண்டு அறிக்கை எழுதலாம்.

முதல்ல எங்கட செமினாருக்கு ஆகக் கிட்டவா இருக்கிற ஒண்டப் பாத்தன். லொஸ் ஏஞ்சலிஸில "எண்டிங் வயலன்ஸ்" எண்டு ஒரு புரோகிராம், சட்டத்தரணிகள் வகுப்புக்கு வந்து மூண்டு பாடம் எடுக்கிறது, சட்டம் என்ன சொல்லுது, ஆரிட்டப் போகலாம் எண்டு. கூடுதலா லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளையள் படிக்கிற பள்ளிக்கூடங்கள், 2006 இல முடிவு வெளிவந்தது. பிள்ளையளுக்கு அறிவு கூடினது, உதவி கேக்கலாம் எண்ட நினைப்பும் கூடினது, ஆனா அடிக்கிறதும் அடி வாங்குறதும் மாறேல்ல. மூண்டு பாடம் ஒழுங்கா எடுத்தே அப்பிடி எண்டா எங்கட ரெண்டு மணித்தியாலத்தப் பற்றி என்னத்தச் சொல்லுறது. 2013 இல கொக்ரேன் ஆக்கள் (உலகம் முழுக்க வந்த ஆய்வுகளச் சேத்து எடைபோடுற அமைப்பு) 38 ஆய்வைச் சேத்துப் பாத்திட்டும் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னவை, அறிவு கொஞ்சம் கூடுது, வன்முறை குறைஞ்சதுக்கு நம்பக்கூடிய சான்று இல்ல எண்டு. அதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு இந்த வேலையையே விட்டிடுவம் எண்டு வந்தது. ஆனா சராசரி எண்டா அப்பிடித்தான், நல்லதும் கெட்டதும் ஒரே சட்டியில, ஒவ்வொண்டாப் பிரிச்சுப் பாத்தா கதை வேற.

எல்லாரும் முதல் சொல்லுறது சேஃப் டேட்ஸ். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில வாஞ்சி ஃபோஷி எண்டவவும் அவவிட ஆக்களும் செய்தது, 1994 இல ஜோன்ஸ்டன் கவுண்டி எண்ட கிராமப்புறத்தில 14 பள்ளிக்கூடத்தில தொடங்கினது. பத்துப் பாடம், பிள்ளையளே நடிக்கிற ஒரு நாடகம், ஒரு போஸ்டர் போட்டி. எங்கட பள்ளிக்கூடத்துக்கு இது சரியாப் பொருந்தும், தமிழ்த்தின நாடகத்துக்கும் போஸ்டருக்கும் எங்கட பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. இதிட முடிவுதான் சுவாரசியம். முடிஞ்சு ஒரு மாசத்தில அளந்தா நல்ல வித்தியாசம். ஒரு வருஷத்தில அளந்தா நடத்தையில வித்தியாசம் காணாமல் போச்சுது, மனசில இருந்த கருத்து மாற்றம் மட்டும் மிஞ்சினது. நாலு வருஷம் கழிச்சு அளந்தா திரும்ப வித்தியாசம் தெரியுது, உடல், பாலியல் வன்முறை இந்தப் புரோகிராம் படிச்ச பிள்ளையளிட்ட 56 இலிருந்து 92 வீதம் வரைக்கும் குறைவு. இதில எந்த வருஷத்து அறிக்கையைக் காட்டி எங்கட கொமிட்டியில வாக்கெடுக்கிறது சொல்லுங்கோ.

அடுத்தது கனடா, ஒன்டாரியோ. "ஃபோர்த் ஆர்" எண்டு பேர், ரீடிங் ரைட்டிங் அரித்மெட்டிக் எண்டு மூண்டு ஆர் இருக்கு, நாலாவது ரிலேஷன்ஷிப். டேவிட் வூல்ஃப் எண்டவரும் கிளேர் குரூக்ஸ் எண்டவவும் செய்தது. 20 பள்ளிக்கூடம், 1,722 பிள்ளையள், 14, 15 வயசு, 21 பாடம், வெளி ஆள் ஒருத்தரும் இல்ல, அந்தப் பள்ளிக்கூடத்து சுகாதாரப் பாட டீச்சரே ஒருநாள் பயிற்சி எடுத்திட்டு வழமையான பீரியட்டில எடுக்கிறது. எனக்கு இது வாசிக்கேக்க சரியான சந்தோஷம், ஏனெண்டா எங்களுக்கும் சுகாதாரமும் உடற்கல்வியும் எண்டு பாடம் இருக்கு, ஆள் இருக்கு, பீரியட்டும் இருக்கு, அந்த ஒரு அத்தியாயம் மட்டும் "வீட்டில வாசியுங்கோ" எண்டு தாண்டிப் போகும், நாங்க படிக்கேக்கயும் அப்பிடித்தான் இப்ப மகளுக்கும் அப்பிடித்தான். றோல் பிளேதான் இதில பெரிய பங்கு, ஒருத்தர் நெருக்கேக்க வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது, நண்பி மாட்டுப்படேக்க எப்பிடி இடையில போறது எண்டு வாயால சொல்லிப் பழகிறது. பிள்ளைக்கு 16 கனடா டொலர் செலவு. ரெண்டரை வருஷம் கழிச்சு, தான் லவ் பண்ணுற ஆளுக்கு அடிச்சனான் எண்டு சொன்ன பிள்ளையள் சாதாரணப் பள்ளிக்கூடத்தில 9.8 வீதம், புரோகிராம் இருந்த இடத்தில 7.4.

இதுதான் எங்களுக்கு எண்டு எழுதப் போயிட்டன். பிறகுதான் ஆம்பிளைப் பிள்ளை பொம்பிளைப் பிள்ளை எண்டு பிரிச்ச நம்பரப் பாத்தன், ஓடிட்டில மொத்தத்த நம்பக்கூடாது எண்டு ஜூனியர் ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கிற நானே கடைசியிலதான் பாத்தன். பெடியங்களில சாதாரணப் பள்ளிக்கூடத்தில 7.1, புரோகிராம் இருந்த இடத்தில 2.7. பெட்டையளில 12 வீதத்துக்கு அங்கயும் இங்கயும் ஒரு அசைவும் இல்ல. அதாவது புரோகிராம் செய்த வேலை முழுக்க பெடியங்களிட்டத்தான் நடந்திருக்கு. அதைக் கொண்டுவந்து பெண்பிள்ளையள் மட்டும் படிக்கிற எங்கட பள்ளிக்கூடத்தில மட்டும் போட்டா, வேலை செய்யாத பாதியைக் காசு குடுத்து வாங்குற மாதிரி.

(பெட்டையளும் 12 வீதம் அடிச்சனாங்க எண்டு சொல்லுதுகளே எண்டு கொமிட்டியில ஒரு அப்பா உடனே கேட்டார், கேக்க வேண்டிய கேள்விதான். அந்தக் கணக்கு அடிச்சதை எண்ணுது, ஆர் பயந்தது, ஆர் டியூஷனை மாத்தினது எண்டு எண்ணேல்ல. ஆனா அடி அடிதான், அதைப் பாடத்தில விட்டிட்டுப் போகேலாது எண்டும் நான் ஒத்துக்கொண்டன்.)

கொழும்பில இதொரு தனிச் சிக்கல். இந்தப் புரோகிராமுகள் எல்லாம் பெடியனும் பெட்டையும் ஒரே வளவில படிக்கிற ஊருக்கு எண்டு செய்தது. எங்கட பெரிய பள்ளிக்கூடங்கள் முக்கால்வாசி ஆண் பெண் பிரிச்சதுகள், பிள்ளையள் சந்திக்கிறது டியூஷனில, பஸ்ஸில, பிக்மெட்ச் காலத்தில, கோயில் திருவிழாவில, மற்றப்படி முழுக்க போனில. அப்ப ஒரு சோடியில ஒரு ஆள் ஒரு பள்ளிக்கூடம் மற்ற ஆள் வேற பள்ளிக்கூடம், ஒரு பிரின்சிபலுக்கும் முழுக் கதையும் தெரியாது.

இதை மனசில வச்சுக்கொண்டுதான் நியூயோர்க் கதையை வாசிச்சன், என்ர முடிவை மாத்தினது அதுதான். "ஷிஃப்டிங் பவுண்டரீஸ்" எண்டு பேர், நேன் ஸ்டைன், புரூஸ் டெய்லர் எண்ட ரெண்டு பேர் தலைமையில செய்தது, அரசாங்கப் பள்ளிக்கூடம் 30, தரம் 6, 7 பிள்ளையள். நாலு குழுவாப் பிரிச்சினம், ஒண்டுக்கு வகுப்புப் பாடம் மட்டும், ஆறு பாடம். ஒண்டுக்குப் பாடமே இல்ல, கட்டிடத்தில மட்டும் மாற்றம். ஒண்டுக்கு ரெண்டும். மற்றதுக்கு ஒண்டுமில்ல. கட்டிட மாற்றம் எண்டா என்னெண்டா, பிள்ளையளிட்டப் பள்ளிக்கூட வரைபடத்தக் குடுத்து எங்க பாதுகாப்பு, எங்க பயம் எண்டு கலரால குறிக்கச் சொல்லுறது, குறிச்ச இடத்தில பெரியாக்கள் நிக்கிற மாதிரி டியூட்டியை மாத்துறது, போஸ்டர் ஒட்டுறது, அதோட ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையால கரைச்சல் படேக்க பள்ளிக்கூடமே எழுத்தில ஒரு ஒப்பந்தம் போடுறது, இன்ன பிள்ளைக்குக் கிட்டப் போகக்கூடாது, இன்ன படியால ஏறக்கூடாது, மெசேஜ் அனுப்பக்கூடாது எண்டு. கோட்டில எடுக்கிற தடை உத்தரவு மாதிரி, ஆனா பள்ளிக்கூட மட்டத்தில.

ஆறு மாசத்தில அளந்தா வகுப்புப் பாடம் மட்டும் எடுத்த இடங்களில ஒரு பலனும் இல்ல. கட்டிடம் மட்டும் மாத்தின இடத்திலயும் ரெண்டும் செய்த இடத்திலயும் பாலியல் தொந்தரவு குறைஞ்சது. ஒரு வசனம் பாடம் எடுக்காமல், படத்தில கலர் அடிச்சு, டீச்சரை ரெண்டாம் மாடிப் படிக்குக் கிட்ட நிக்க விட்டதில நடந்தது. பிள்ளையள திருத்திறது எண்டு நாங்க நினைக்கிறது எவ்வளவு தூரம் வாயால திருத்திறது எண்டு அண்டைக்குத்தான் யோசிச்சன்.

அந்த ஒப்பந்தம் எங்களுக்கு இன்னும் ஒரு காரணத்துக்காகத் தேவை. எங்கட நாட்டில 2005 ஆம் ஆண்டு 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு, நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம், ஆனா அது புருஷன், முந்தின புருஷன், ஒண்டா வாழுற ஆள், வீட்டுச் சொந்தம் எண்டு போகுது, டியூஷனில சந்திக்கிற பெடியன் அந்த லிஸ்டில வரமாட்டான். தண்டனைச் சட்டக்கோவை 345 இல பாலியல் தொந்தரவுக்கு முறைப்பாடு செய்யலாம்தான், ஆனா பொலிசுக்குப் போற குடும்பம் எத்தனை. 2015 இல 25 மாவட்டத்திலயும் 2,500 பெண்களிட்ட ஐ.நா. சனத்தொகை நிதியம் (யூ.என்.எஃப்.பி.ஏ.) எடுத்த ஆய்வில 90 வீதம் பேர் பஸ்ஸிலயோ கோச்சியிலயோ பாலியல் தொந்தரவு பட்டிருக்கினம், பொலிசிட்டப் போனது 4 வீதம். முன்பின் தெரியாத ஆளுக்கெதிராவே போகாத ஆக்கள் லவ் பண்ணுற பெடியனுக்கெதிரா எங்க போறது, அதுவும் அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் பழகினதா இருந்தா. அதால பொலிசுக்கும் பேசாமல் இருக்கிறதுக்கும் இடையில ஒரு படி வேணும். ரெண்டு பள்ளிக்கூடமும் கையெழுத்துப் போட்ட ஒரு கடுதாசி அந்தப் படியா இருக்கலாம்.

ஆனா எங்கட பயமான இடம் வளவுக்குள்ள இல்ல. என்ர மகளிட்டயும் அவவிட ரெண்டு சிநேகிதியளிட்டயும் சும்மா ஒரு பேப்பரக் குடுத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரைக்கும் கீறச் சொன்னன். பள்ளிக்கூடம் முழுக்கப் பச்சை, கன்டீனுக்குப் பின்னால மட்டும் ஒரு மஞ்சள். சிவப்பு எல்லாம் வெளியில: டியூஷன் ஒழுங்கை, பஸ் ஹோல்ட், மரீன் டிரைவில கோச்சி லைன் கடக்கிற இடம். அதில ஒண்டு ஒரு மூலையில சின்னதா ஒரு போன் கீறி அதைச் சுத்திச் சிவப்பு அடிச்சு வச்சிருந்தது, நான் கேக்கேல்ல, தானாக் கீறினது.

டியூஷன் ஒழுங்கையில ஆரை நிப்பாட்டுறது? டியூஷன் நடத்திற சேரிட்டப் போய்க் கதைச்சன், நல்ல மனுசன், "மிஸிஸ், வகுப்புக்குள்ள எண்டா நான் பொறுப்பு, வெளியில போனா நான் என்ன செய்யுறது" எண்டார். 300 பிள்ளையள் ஒரே நேரத்தில ஒரு ஒழுங்கைக்குள்ள விழுதுகள். பெடியங்கள் வகுப்பையும் பெட்டையள் வகுப்பையும் 15 நிமிஷம் தள்ளி விடுங்கோ எண்டு முதல் கேட்டன், பிறகு நானே வேண்டாம் எண்டிட்டன், அது திரும்பவும் பிரிச்சு வைக்கிற வேலை, காத்து நிக்கிறவன் 15 நிமிஷம் கூட நிப்பான். கேற்றடியில ஒரு லைட்டும், விடுற நேரம் ரெண்டு பெரியாக்களும் எண்டதுக்கு ஓம் எண்டார். காசு ஆர் குடுக்கிறது எண்டு கேட்டார். அது நியாயம்.

பெடியங்கட பக்கத்துக்கு ஒரு வழி இருக்கு, அது கிரிக்கெட் கோச். கலிஃபோர்னியாவில சாக்ரமென்டோவில எலிசபெத் மில்லர் எண்ட டொக்டர் செய்த "கோச்சிங் போய்ஸ் இன்டு மென்", 16 பள்ளிக்கூடம், கோச்சுக்கு ஒரு மணித்தியாலப் பயிற்சி, பிறகு சீசன் முழுக்கக் கிழமைக்கு ஒருக்கா பிரக்டிசுக்கு முதல் ஒரு 15 நிமிஷக் கதை, பொம்பிளைப் பிள்ளையளப் பற்றிக் கேவலமாக் கதைக்கிறது, கூட்டாளி எல்லை தாண்டேக்க என்ன செய்யுறது, இப்பிடி. மூண்டு மாசத்தில அளந்தவை, இடையில போய்த் தடுக்கிற குணம் கூடியிருந்தது, தாங்கள் செய்யிற வன்முறை குறையேல்ல. ஒரு வருஷத்தில திரும்ப அளந்தவை, அப்ப குறைஞ்சிருந்தது. எங்களுக்குக் கிட்டவா மும்பாயில இதையே கிரிக்கெட் கோச்மாரை வச்சு "பரிவர்த்தன்" எண்டு செய்தவை, அங்க பெடியங்கட நினைப்பு மாறினது, செய்கையில பெரிய மாற்றம் தெரியேல்ல. அப்ப இது நிச்சயமில்ல. ஆனாலும் எனக்கு இதில ஒரு நம்பிக்கை, ஏனெண்டா கொழும்பில பெடியன் ஒருத்தன் பிரின்சிபல் சொல்லுறதக் கேக்காட்டியும் கோச் சொல்லுறதக் கேப்பான், டீமில எடுக்கிறது அவர். அந்த ஒழுங்கையில நிண்ட நாலு பேரில ரெண்டு பேர் அடிச்சவன்ட டீம் எண்டு பிறகு கேள்விப்பட்டன். இதோட சேந்த வேற ஒண்டும் இருக்கு, கோச்மாரில சில பேர் பிரக்டிசில பெடியங்கள ஏசுறதே "பெட்டை மாதிரி எறியாத" எண்டுதான், முதல் பயிற்சி அவைக்கு வேணும்.

டேட்டிங் மெட்டர்ஸ் எண்ட பெரிய புரோகிராமைப் பற்றிச் சுருக்கமாச் சொல்லிட்டுப் போறன். அமெரிக்க அரசாங்கத்திட நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் (சி.டி.சி.) நாலு நகரத்தில 46 பள்ளிக்கூடத்தில செய்தது, பிள்ளைக்குப் பாடம், அம்மா அப்பாவுக்கு வகுப்பு, டீச்சருக்குப் பயிற்சி, நகர சுகாதாரத் திணைக்களம் வரைக்கும் எல்லாம் சேத்து. அதை ஒண்டுமில்லாத பள்ளிக்கூடத்தோட இல்ல, சேஃப் டேட்ஸ் நடக்கிற பள்ளிக்கூடத்தோடதான் ஒப்பிட்டவை, அப்பவும் செய்யிறது சராசரியா 8 வீதமும் படுறது 10 வீதமும் குறைவு. நல்லதுதான், ஆனா எங்கட கையில இருக்கிறது ஒரு சங்கத்துக் காசு, பெற்றார் கூட்டத்துக்கு மார்க்ஸ் குடுக்கிற அண்டைக்கு மட்டும் வாற அம்மா அப்பா. வருஷம் மூண்டு போனா யோசிக்கலாம்.

இனி எப்பிடி அளக்கிறது எண்டது. இதில கொஞ்சம் நேரம் எடுக்கிறன், ஏனெண்டா எந்தப் புரோகிராம் எண்டதை விட இதில பிழை விட்டா எல்லாம் பிழைச்சுப் போகும்.

செமினார் முடிய ஒரு ஃபோம் குடுத்து "பயனுள்ளதாக இருந்ததா" எண்டு கேக்கிறது அளவை இல்ல, அது உபசாரம். "லவ்வில அடிக்கிறது பிழை, சரியா" எண்டு கேட்டாலும் முழுப் பேரும் பிழை எண்டு போடும், அடிக்கிறவனும் போடுவான், மார்க்ஸ் எடுக்கப் பழகின பிள்ளையள். நடந்ததைக் கேக்கோணும், போன மூண்டு மாசத்தில உங்கட போனை ஒருத்தர் கேக்காமல் எடுத்துப் பாத்ததா, நீங்க ஒருத்தரிட போனை எடுத்தனீங்களா, ஒருத்தர் தள்ளினதா, நீங்க தள்ளினீங்களா, இப்பிடி ரெண்டு பக்கமும். பேர் இல்லாமல், வகுப்பாசிரியர் முன்னுக்கு நிக்காமல், கதிரையைத் தள்ளிப் போட்டு. அண்டைக்கு வராத பிள்ளையள எண்ணோணும், தரம் 10 இல வராமல் நிக்கிற பிள்ளையள்தான் பல நேரம் நாங்க தேடுற பிள்ளையள்.

நேரமும் முக்கியம், மேல சொன்னனான், ஒரு வருஷத்தில பாத்தா சேஃப் டேட்ஸ் தோல்வி, மூண்டு மாசத்தில பாத்தா கோச் புரோகிராம் தோல்வி. அதால தொடங்க முதல், தவணை முடிய, அடுத்த வருஷம் அதே தவணையில எண்டு மூண்டு தரம். அதோட முதல் அளவையில எண்ணிக்கை கூடினா பயப்படக்கூடாது. நியூயோர்க்குக்கு முந்தி கிளீவ்லாண்ட் நகரத்துப் புறநகரில அதே ஆக்கள் செய்தவை, அங்க லவ் பண்ணுற ஆளுக்குச் செய்த வன்முறை கூடின மாதிரி வந்தது, உண்மையாக் கூடினதா இல்லாட்டி முந்தி விளையாட்டு எண்டு நினைச்சதுக்கு இப்ப பேர் தெரிஞ்சு சொல்லுதுகளா எண்டு பிரிக்கிறது கஷ்டம். எங்கட பிரின்சிபலுக்கு இதை முதலே சொல்லி வைக்கோணும், இல்லாட்டி நம்பர் கூடின உடன ஃபைலை மூடிப்போடுவா.

இன்னொண்டு நான் நேர்மையாச் சொல்லோணும். எங்கட தரம் 9 இல 120 பிள்ளையள். கனடாவில வந்த 9.8 க்கும் 7.4 க்கும் இடையில உள்ள வித்தியாசத்த எங்கட 120 இல போட்டா மூண்டு பிள்ளை. மூண்டு பிள்ளையில ஒண்டு அண்டைக்குக் காய்ச்சல் எண்டு நிண்டா எங்கட முடிவு தலைகீழ். அதால வன்முறை குறைஞ்சது எண்டு நாங்க ஒருநாளும் நிரூபிக்கேலாது, 20, 30 பள்ளிக்கூடம் சேந்தாத்தான் அது முடியும். எங்களால எண்ணக்கூடியது வேற: சிவப்பு அடிச்ச எத்தினை இடத்தில ஆள் நிக்குது, ஒப்பந்தம் எத்தினை தரம் பாவிச்சது, ஆரிட்டச் சொல்லலாம் எண்டு கேட்டா ஒரு பெரியாளிட பேரை எழுதக்கூடிய பிள்ளையள் எத்தினை, அத்தியாயத்தத் தாண்டாமல் எத்தினை பாடம் உண்மையா நடந்தது. போன முறை ஃபோமில அந்தப் பேர் எழுதிற கேள்வியைத் தெரியாமல் நான் சேத்துவிட்டன், கூடுதலா வந்த பதில் "சிநேகிதி".

அதுக்கு முதல் ஒரு பிள்ளை வந்து சொன்னா எங்க அனுப்பிறது எண்டதுக்குப் பதில் இருக்கோணும். ஆலோசனை வழிகாட்டல் மிஸ்ஸிட அறை ஸ்டாஃப் ரூமுக்குள்ளால போற இடத்தில இருக்கு, அங்க போற பிள்ளையை 15 டீச்சர் பாப்பினம். அறையை மாத்துறதுக்குக் காசே தேவையில்ல, ரெண்டு அலுமாரி தள்ளோணும். 1929 எண்ட சிறுவர் உதவி லைன், 1938 எண்ட பெண்கள் உதவி லைன், 1987 ஆம் ஆண்டிலிருந்து வேலை செய்யிற விமன் இன் நீட் எண்ட பெண்கள் அமைப்பு, இந்த மூண்டிட நம்பரையும் மலசலகூடக் கதவுக்கு உள்பக்கமா ஒட்டச் சொன்னன், நோட்டீஸ் போர்டில ஒட்டினா நிண்டு வாசிக்கிற பிள்ளையை எல்லாரும் பாக்கும். 16 வயசுக்குக் கீழ எண்டா சம்மதமும் சட்டத்தில சம்மதமில்ல எண்டதால டீச்சர்மாருக்கு இந்தக் கதையைத் தொடவே பயம், பிள்ளை சொன்னா எதை ரகசியமா வச்சிருக்கலாம் எதை வச்சிருக்கேலாது எண்டு முதலே டீச்சருக்கும் பிள்ளைக்கும் தெளிவாச் சொல்லிப்போட்டுத்தான் தொடங்கோணும்.

இப்ப முடிவு. செமினாருக்கு ஒரு ரூபாயும் வேண்டாம். சுகாதாரப் பீரியட்டில அந்த அத்தியாயத்தோட சேத்து ஃபோர்த் ஆர் மாதிரி றோல் பிளே, எங்கட டீச்சரே எடுக்கிறது, அதுக்குப் பயிற்சிச் செலவு மட்டும். வரைபடம் எங்கடயிலயும் பக்கத்துப் பெடியங்கட பள்ளிக்கூடத்திலயும், ஒப்பந்தக் கடுதாசியும் ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் பொதுவா. டியூஷன் ஒழுங்கைக்கு லைட், விடுற நேரத்துக்கு ரெண்டு பேருக்குச் சம்பளம். மிச்சக் காசு பக்கத்துப் பெடியங்கட பள்ளிக்கூடத்துக்கு, கோச்மாருக்குப் பயிற்சியும், அதே றோல் பிளேப் பாடமும்.

கூட்டத்தில இதை வாசிச்ச உடன ஒரு அக்கா எழும்பினா, பழைய மாணவியர் சங்கத்தில மூத்தவ, காசு சேத்ததில பாதி அவவிட முயற்சி. "எங்கட பிள்ளையளுக்கெண்டு நாங்க ஃபுட் ஃபெயார் வச்சு, தோசை சுட்டு விட்டுச் சேத்த காசைக் கொண்டுபோய் அவங்கட கிரவுண்டில கொட்டச் சொல்லுறீரோ?" ஹோல் முழுக்கச் சிரிச்சது. நான் அந்தக் கனடா நம்பரை எழுதிக் காட்டினன், 7.1, 2.7, கீழ எங்கட பக்கத்து 12, 12. அவ கண்ணாடியைப் போட்டுப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டா. பிறகு, "அப்ப போன வருஷம் அந்தப் பிள்ளைய ஹோலில இருத்தினதுக்குப் பதிலா அவனை இருத்தியிருக்கோணும் எண்டுறீர்" எண்டா.

கிட்டத்தட்ட அதுதான் அக்கா எண்டன்.

வாக்கெடுப்பில 9 க்கு 6 வெண்டது, ஒரு நிபந்தனையோட: பெடியங்கட பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கமும் அதே அளவு காசு போடோணும். அவையிட்ட வாற வெள்ளிக்கிழமை போறம். அந்த அக்காவும் வாறாவாம், தான்தான் கதைப்பனாம்.